புதுத்துணி பழசாகும் வரை

ஒரு துணி எப்போது பழையதாகிறது? எத்தனை முறை துவைத்த பிறகு? எத்தனை நாள் உடுத்திய பிறகு? இருபது வருடத்துக்கு மேலாகக் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். எனக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுவேன் என்றுதான் நீ என்னைப் பிறரிடம் அறிமுகப்படுத்துவாய். இதையும் அந்தக் கணக்கில் வைத்துக்கொள்.

சனிக்கிழமை மாலை. பனி இறங்குவதற்குள் காய்ந்துவிட வேண்டும் என்று பின்பக்கக் கொடியில் ஒரு துணியைப் போட்டிருக்கிறேன். சாம்பல் நிறப் பருத்தி, இரண்டு கெஜத்துக்குக் கொஞ்சம் மேல் நீளம். ஒரு முனையில் இரண்டு அலுமினிய வளையங்களை வைத்துத் தைத்திருக்கிறது. ஸ்லிங் என்கிறார்கள். கைக்குழந்தையை மார்போடு வைத்துக் கட்டிக்கொள்ளும் துணி. உன் மகள் பெற்ற குழந்தைக்காக வாங்கியது. மூன்று தண்ணீர் மாற்றி அலசியும் அதிலிருந்து கஞ்சி வாசனை போகவில்லை. அந்த வாசனைதான் என்னை உன்னிடம் இழுத்துக்கொண்டு வந்தது.

உனக்குக் கஞ்சி வாசனை ஆகாது. வேலூர் விடுதியில் நம் அறைக்கு வெளியே என் பருத்திப் புடவைகள் விறைத்துக்கொண்டு காயும். பல் தேய்த்தபடியே அவற்றைப் பார்த்து, “உன் புடவை உனக்கு முன்னாடி எழுந்து கிளாசுக்குப் போயிடும்டி” என்பாய். புதூர்நாட்டு மலைப் பக்கத்திலிருந்து ஜீப்பிலும் பஸ்சிலும் மாறி மாறி வந்து படித்த நீ, எதைப் போட்டாலும் அது நாலு நாள் உடுத்திய துணிபோல உடம்போடு ஒட்டிக்கிடக்கும். எனக்கு அது வரவே இல்லை. ஐம்பது வயதை நெருங்கும்போதும் விறைப்பாகத்தான் இருக்கிறேன்.

நந்தினிக்குப் பெண் குழந்தை. இன்றோடு இருபத்திரண்டு நாள். ஒரு மாதம் முன்னதாகவே, வயிற்றை அறுத்துத்தான் எடுத்தார்கள். இரண்டு கிலோகூட இல்லை. பன்னிரண்டு நாள் அரசு மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைகள் வார்டில் இருந்தது. பிறகு இருவரையும் ஆலங்காயத்துக்கு, என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். முதல் பிரசவத்துக்குத் தாய்வீடுதானே? நீ இல்லை. அவள் அப்பா உனக்கும் முன்பே போய்விட்டார். மாப்பிள்ளைக்கு ஓசூரில் கம்பெனி வேலை. பிள்ளை பெற்றுக் கொள்ளாதவள் வீடு தாய்வீடாகுமா என்று தெருவில் யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் வைத்திருந்தேன். கேட்காததற்குப் பதில் சொல்வதுதான் களைப்பாக இருக்கிறது.

நாளை காலை நந்தினி மலைக்குப் போகிறாள். முப்பதாம் நாள் தீட்டுக் கழித்துப் பெயர் வைப்பது அவள் புகுந்த ஊரில்தான். எனக்குத் திங்கட்கிழமையிலிருந்து விடைத்தாள் திருத்தும் வேலை. பகல் முழுவதும் அவளைத் தனியே விட்டுப் போக முடியாது. டாக்டர் போகலாம் என்றுவிட்டார். ஆனால் வார்டில் இருந்த நர்ஸ் என் முன்னால் அவளை நிறுத்தித் திரும்பத் திரும்பச் சொன்னாள்: “சின்னக் கொழந்தைம்மா. சூடு குறையவே கூடாது. உன் நெஞ்சோட ஒட்டியே இருக்கணும்.”

பாதை உனக்குத் தெரியும். மலையில் வளைவுக்கு வளைவு ஜீப் எப்படித் தூக்கிப் போடும் என்பதும் தெரியும். தார் ரோடு முடிந்த இடத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் கல்லும் சரிவுமான நடை. தையல் போட்ட வயிற்றோடு, இரண்டு கைகளில் குழந்தையை ஏந்திக்கொண்டு அவள் அவ்வளவு தூரம் போக முடியாது. இன்னொருவர் ஏந்தினால் தாயின் சூடு கிடைக்காது. ஆகவே கட்டிக்கொள்ள ஒன்று வேண்டும். இதுதான் பத்து நாளாக என் தலையில் ஓடிய பிரச்சினை.

நீ இருந்திருந்தால் அரை நிமிடத்தில் முடித்திருப்பாய். எனக்கு மூன்று பார்சல் தேவைப்பட்டது. வாணியம்பாடியில் இரண்டு கடைகளில் கேட்டேன். பொம்மைபோட்ட ஒரு பையைக் காட்டி, “ஃபாரின் மாடல் மேடம்” என்றார்கள். எதற்கு நல்லது என்று கேட்டேன். “நல்லா மூவ் ஆவுது” என்றார் கடைக்காரர். அதற்குப் பிறகு போனில் தேடினேன். வாங்கிய எல்லோரும் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே அளவு திருப்தி தருகிற பொருள் உலகில் எதுவும் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

முதலில் வந்தது பக்கிள் வைத்த பை. முதுகில் மாட்டும் புத்தகப்பையை முன்பக்கம் மாட்டியதுபோல இருந்தது. பெட்டியின் மேல் ஒரு வெள்ளைக்காரத் தாய் கடற்கரையில் சிரித்துக்கொண்டிருந்தாள். இடுப்புப் பட்டை சரியாக நந்தினியின் தையல் மேல் வந்து உட்கார்ந்தது. குறிப்புத்தாளில் மிகச் சிறிய எழுத்தில், குழந்தைக்குக் குறைந்தது மூன்றரை கிலோ எடை வேண்டும் என்று போட்டிருந்தது. அதைப் பெட்டிமேல் பெரிதாகப் போட்டிருக்கலாம். திருப்பி அனுப்பினேன்.

இரண்டாவது, ஐந்து கெஜத்துக்கு இழுபடும் துணி. தோளில் போட்டு, முதுகில் குறுக்கிட்டு, முன்னால் கொண்டுவந்து, மறுபடி இடுப்பைச் சுற்றிக் கட்ட வேண்டும். படம் போட்டு ஒன்பது கட்டங்களில் விளக்கியிருந்தார்கள். ஆறாவது கட்டத்தில் துணி தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தது. நந்தினி அழுதுவிட்டாள். துணிக்காக அழவில்லை என்று எனக்குத் தெரியும். அதையும் மடித்து வைத்தேன்.

மூன்றாவதுதான் இந்த வளையத்துணி. முனையை இரண்டு வளையங்களுக்குள்ளும் விட்டு, ஒன்றின் மேலாக மடக்கித் திரும்ப எடுத்தால் போதும். துணியே துணியைப் பிடித்துக்கொள்கிறது. உராய்வுதான், வேறொன்றும் இல்லை. ஒரு கையில் குழந்தை இருக்கும்போதே மறு கையால் இறுக்கலாம், தளர்த்தலாம். வயிற்றில் எதுவும் படாது. குழந்தை நிமிர்ந்து, முழங்கால் மடங்கித் தவளைபோல உட்காரும். தாடை நெஞ்சில் அழுந்தக் கூடாது. அழுந்தினால் மூச்சு அடைபடும். அதை மட்டும் நந்தினியைப் பத்து முறை சொல்லவைத்தேன்.

குழந்தையை வைப்பதற்கு முன் நான் சோதித்தேன். இரண்டு கிலோ அரிசியை ஒரு பையில் கட்டித் துண்டில் சுற்றி உள்ளே வைத்துக்கொண்டு இரண்டு நாள் வீட்டு வேலை பார்த்தேன். பாத்திரம் தேய்த்தேன், குனிந்து கோலம் போட்டேன், மாடிப்படி ஏறி இறங்கினேன். காலையில் பால் ஊற்றும் அம்மா எட்டிப்பார்த்து, “கொழந்த தூங்குதா டீச்சர்?” என்றாள்.

“அரிசி” என்றேன்.

அவள் கொஞ்சநேரம் என்னையே பார்த்தாள். “நல்லா பாத்துக்கோங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வளையம் நழுவவில்லை, தையல் விடவில்லை, தோள் மட்டும் சாயங்காலத்தில் வலித்தது. இதுதான் என்று முடிவு செய்தேன். பத்து வருடத்தில் ஒரு பொருளை இவ்வளவு நிச்சயத்தோடு நான் வாங்கியதில்லை.

வியாழக்கிழமை காளியம்மா வந்தார். நந்தினியின் நாத்தனார், மாப்பிள்ளைக்கு மூத்தவர். நாற்பது வயதிருக்கும். சாமையும் புளியும் தலைச்சுமையாகச் சுமந்தே கழுத்து உரமேறியவர். நந்தினியைக் கூட்டிப்போக ஒரு பை பலாக்கொட்டையோடு இறங்கி வந்திருக்கிறார். வளையத்துணியை எடுத்து, மாட்டிக் காட்டினேன். விரல்களுக்கிடையில் தேய்த்துப்பார்த்தார்.

“நல்லாதான் கீது. புதுசாங்க டீச்சர்?”

“புதுசுதான்.”

“அப்ப வாணாங்க. முப்பது கழியிற வரைக்கும் புதுத்துணி மேல படக் கூடாது.”

எதிர்பார்த்திருக்க வேண்டும். உனக்கும் எனக்கும் தெரிந்த வழக்கம்தானே? பிறந்த குழந்தைக்கு முதலில் யாராவது உடுத்திய பழைய துணி, நல்லபடி பிள்ளை வளர்த்தவர்களிடம் கேட்டு வாங்கிய துணி. வார்டிலும்கூடக் கிழிந்த வேட்டித் துண்டுகளில்தான் அத்தனை குழந்தைகளும் கிடந்தன. நான் மூன்று பார்சல், அரிசிமூட்டை, உராய்வு எல்லாம் யோசித்தேன். இதை யோசிக்கவில்லை.

“துவைச்சிட்டா?” என்றேன்.

“எத்தினி தபா?”

“ஒரு பத்து தபா.”

“பத்து தபா தொவச்சா அது தொவச்ச புதுத்துணி டீச்சர்” என்றார். நந்தினி சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்திருக்கும், களைப்பாக இல்லாமல் இருந்திருந்தால்.

வாதம் செய்யத்தான் வாயைத் திறந்தேன். அவர் குரலை உயர்த்தாமல் சொன்னார்: “என் ரெண்டாவதுக்கு எட்டாம் நாளே புதுச்சட்டை போட்டாங்க. டவுன்ல இருந்து எங்க சித்தி ஆசையா எடுத்தாந்துது. நானும் போட்டுப் பாத்தேன், அழகா இருந்திச்சி. பத்தாம் நாளு புள்ள இல்ல. உங்குளுக்கு இதெல்லாம் நம்பிக்கை இருக்காது. எனக்கு இருக்குதுங்க.”

சட்டைக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று என்னால் நிரூபிக்க முடியும். யாரிடம் நிரூபிப்பது? மலைமேல் ஒரு வீட்டில் பதினைந்து வருடத்துக்கு முன் ஒரு குழந்தையின் மூச்சு நின்றபோது அருகில் இருந்தவர் அவர், நான் இல்லை. வளையத்துணியை மடித்து வைத்தேன்.

நந்தினி பிறகு சமையலறையில் என்னிடம் வந்து, “பெரிம்மா, அவங்க சொல்றபடியே போவட்டும். நான் அங்கதான் இருக்கணும்” என்றாள். உன் மகள் உன்னைவிடக் கெட்டிக்காரி. நீ சண்டை போட்டிருப்பாய்.

அப்படியும் நான் விடவில்லை. வெள்ளிக்கிழமை நான்கு தடவை துவைத்து வெயிலில் காயப்போட்டேன். இன்று காலையில் மறுபடியும். ஐந்தாவது அலசலுக்குப் பிறகு என் கை தன்பாட்டில், திங்கட்கிழமைப் புடவைகளுக்காகக் காய்ச்சி வைத்திருந்த கஞ்சிப் பாத்திரத்துக்குள் அதையும் அமுக்கிவிட்டது. பிழிந்து உதறும்போதுதான் உறைத்தது. மத்தியானம் கொடியிலிருந்து எடுத்தபோது மரப்பலகைபோல நின்றது. வளையத்துக்குள் விட்டுப்பார்த்தேன், மடங்கவே இல்லை. பருத்தி என்றால் கஞ்சி. முப்பது வருடப் பழக்கத்துக்குக் கண்ணும் கிடையாது, குழந்தை எது புடவை எது என்ற பேதமும் கிடையாது. காளியம்மா தட்டிப்பார்த்துவிட்டு, “இப்ப இது கதவுக்கு ஆவும்” என்றார்.

அதனால்தான் இத்தனை அலசல். அதனால்தான் இந்த வாசனை.

பிறகு அவர் தணிந்த குரலில், “உங்க பழைய நூல்புடவை ஒண்ணு இருந்தா குடுங்க டீச்சர். மெத்துனு இருந்தா நானே கட்டிவிட்டுடுவேன்” என்றார். அவர் கொண்டுவந்திருந்தது வழுக்கும் பாலியஸ்டர் புடவை. முடிச்சு நிற்காது என்று அவருக்கே தெரிகிறது. நந்தினியிடம் இருப்பவையும் அப்படித்தான். பீரோவைத் திறந்து காட்டினேன். வரிசையாகத் தொட்டுக்கொண்டே வந்தார். “இது புடவையா தகரமா?” என்றார். ஒவ்வொன்றாகத் தட்டிப்பார்த்து, “ஏங்க, உங்க வூட்ல ஒரு துணியாவது தொய்ஞ்சி போயிருக்காதா?” என்று கேட்டார்.

இருக்கிறது. ஒன்றே ஒன்று. அடித்தட்டில், ஒரு காகிதப்பையில். அதை அவர் பார்க்கவில்லை. நான் எடுக்கவும் இல்லை.

உன் பச்சைக்கட்டம் போட்ட நூல்புடவை. போன வருடம் மருத்துவமனைக்குப் போகும்போதெல்லாம் இங்கே தங்கினாயே, அப்போது விட்டுப்போனது. கரையோரம் நீயே போட்ட ஒட்டுத்தையல் இருக்கிறது. கையில் எடுத்தால் எடையே இல்லை. இப்போது என் மடியில்தான் வைத்திருக்கிறேன். விறகுப்புகை மணம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது, அல்லது இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறேன்.

இந்தத் துணியோ இதைப்போல இன்னொன்றோ நிச்சயமில்லை, இப்படி ஒன்றில்தான் நந்தினியைக் கட்டிக்கொண்டு நீ என்னை வழியனுப்ப வந்தாய். அவளுக்கு நாற்பது நாள். நான் எம்.ஃபில். படித்துக்கொண்டிருந்தேன். உன் ஊரிலிருந்து ஜீப் நிற்கும் இடம் வரை அதே கல்வழி. குழந்தையின் கழுத்து, தாங்குதல், கோணம் என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தேன். நீ ஒரு பாறையருகே நின்று, “மூஞ்சி தெரியுதா பாரு” என்றாய். தெரிகிறது என்றேன். “குனிஞ்சா முத்தம் குடுக்க முடியுதா?” குனிந்து காட்டினாய். “அவ்ளோதாண்டி. மிச்சம் உன் பாடம்.” போன வாரம் அந்தக் குறிப்புத்தாளில் படித்தேன்: முகம் எப்போதும் தெரிய வேண்டும், முத்தமிடும் தூரத்தில் தலை இருக்க வேண்டும். எனக்குக் கோபமாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

பாதி வழியில் அவிழ்த்து என்மேல் கட்டிவிட்டாய். “ஒரு தபா தூக்கிப் பாரு, கடிக்காது.” எனக்கு நடக்கவே பயம். அவள் மூச்சு என் கழுத்தெலும்புக்குக் கீழே சூடாகப் பட்டுப் பட்டு விலகியது. ஜீப் வந்தபிறகு அவிழ்த்தால், என் புடவை உராய்ந்து குழந்தையின் ஒரு கன்னம் சிவந்திருந்தது. நீ வாய்விட்டுச் சிரித்தாய். “உன் கஞ்சி என் பொண்ணு கன்னத்தக் கிழிக்குதுடி!” ஜீப்பில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தச் சிவப்புக்காக வேலூர் போய்ச் சேரும் வரை நான் வருந்தினேன். உனக்கு எழுதிய கடிதத்தில் அதைச் சொல்லவில்லை.

இன்னொன்றும் சொல்லாமல் இருக்கிறேன். இதை எழுதுவதே அதற்காகத்தானோ என்னவோ.

போன வருடம் மருத்துவமனை நடைபாதையில், ஸ்கேன் முடிவை நான் படித்துவிட்டு வெளியே வந்தேன். நீ பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய், இதே பச்சைப் புடவையில். நந்தினிக்குக் கல்யாணமாகி இரண்டு மாதம். “இன்னா சொல்றாங்க?” என்று கேட்கவில்லை. “நந்தினிக்கு ஒரு கொழந்த பொறந்து தூக்குற வரைக்கும் தாங்குமாடி?” என்றுதான் கேட்டாய்.

“தாங்கும்” என்றேன்.

உடனே சொன்னேன். யோசிக்கக்கூட இல்லை. டாக்டர் என்னிடம் நாலைந்து மாதம் என்றிருந்தார். நீ முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நீ சொன்னா சரி. தெரியாதத தெரியும்னு சொல்லமாட்டே நீ” என்றாய். அன்று காண்டீனில் இரண்டு பூரி சாப்பிட்டாய். ஊருக்குப் போய் வழக்கம்போல உன் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போனாய். நந்தினியைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்ல வேண்டியவை எவ்வளவு இருந்திருக்கும்? நேரம் இருக்கிறது என்று நம்பினாய். நான் சொன்னேன் என்பதால் நம்பினாய். நான்காவது மாதத்தில் எல்லாம் முடிந்தது.

அதன்பிறகு யாரிடமும், எந்த நன்மைக்காகவும், அப்படி ஒன்றைச் சொல்வதில்லை என்று முடிவு செய்தேன். சுலபமான முடிவு. இன்று சாயங்காலம் வரை அதற்குச் சோதனை வரவில்லை.

நாளை காலை ஏழு மணிக்கு ஜீப் வந்துவிடும். இந்தப் புடவையைக் கொடுத்தால் காளியம்மா கேட்பார், உங்களுடையதா என்று. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். குழந்தை கதகதப்பாகப் போய்ச் சேரும். இது செத்துப்போனவள் துணி, அதுவும் நாற்பத்தேழு வயதில் நோயில் போனவள் துணி என்று சொன்னால், புதுச்சட்டைக்கே நடுங்குகிற அந்தப் பெண் இதைத் தொடுவாரா? தொடமாட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தொடாவிட்டால் வழுக்கும் பாலியஸ்டர்தான். அல்லது வெறும் கைகள், அந்த வளைவுகள், அந்தப் பனி. சொல்லாமல் கொடுத்து, பிறகு எப்போதாவது தெரிந்து, அந்த வாரத்தில் குழந்தைக்கு ஒரு சளி பிடித்தால்கூட அவர் உயிருள்ள வரை அந்தப் புடவையைத்தான் நினைப்பார். நந்தினி அந்த வீட்டில்தான் வாழ வேண்டும்.

நீ என்ன சொல்வாய் என்று யோசித்துப்பார்த்தேன். நீ எதுவும் சொல்லவில்லை. செத்தவர்கள் யோசனை சொல்வார்கள் என்று நம்புகிற ஆள் நான் இல்லை.

துணி இன்னும் காயவில்லை. பனி இறங்க ஆரம்பித்துவிட்டது. எடுத்து உள்ளே போட வேண்டும்.

*

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

ஜீப் ஏழு மணிக்கு வரவில்லை, ஏழேமுக்காலுக்கு வந்தது. டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தபோது காகிதப்பையிலிருந்து புடவையை எடுத்துக் காளியம்மாவிடம் நீட்டினேன். அவர் இரண்டு கைகளாலும் தடவிப்பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

“இதான் துணி! நேத்தே குடுக்கறதுக்கு இன்னா? உங்களுதுங்களா?”

“இல்ல” என்றேன். “நந்தினியோட அம்மாவுது.”

குழந்தைக்குக் குல்லா மாட்டிக்கொண்டிருந்த நந்தினி நிமிர்ந்தாள். காளியம்மா புடவையை நாற்காலி மேல் வைத்துவிட்டார். தெருவில் ஜீப்புக்காரர் ஹாரன் அடித்தார்.

“அவங்க மொத்தமா எத்தினி பெத்தாங்க?” என்று காளியம்மா என்னைக் கேட்டார்.

“ஒண்ணு.”

“ஒண்ணுதானா. தங்கிச்சா?”

பிழைத்ததா என்று கேட்கிறார் என்பது எனக்குப் புரியச் சற்று நேரமானது. நந்தினியைக் கைகாட்டினேன். “தோ நிக்குது.”

காளியம்மா நந்தினியைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார், அப்போதுதான் முதல்முறை பார்ப்பதுபோல. “பெத்தது தங்கிச்சில்ல? அது போதும்” என்றார். சமையலறைக்குப் போய் மஞ்சள்தூள் எடுத்துவந்து புடவையின் ஒரு மூலையில் ஈரக்கையால் தடவினார். நந்தினி புடவையை வாங்கி முகத்தில் ஒருமுறை அழுத்திக்கொண்டாள். பிறகு, “கட்டுங்க அண்ணி” என்றாள்.

அவர் கட்டியது மிக எளிதாக இருந்தது. நாலாக மடித்து, இடது தோளுக்கு மேலும் வலது கைக்கு அடியிலுமாகக் கொண்டுபோய், முதுகில் ஒரு முடிச்சு. முன்பக்கத்தை விரித்துக் குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்து, கீழ் விளிம்பை இழுத்து முழங்காலுக்கு அடியில் செருகினார். முடிச்சை நான் இரண்டு முறை இழுத்துப்பார்த்தேன். நழுவவில்லை. கடைசியில் மேல் விளிம்பை எடுத்துக் குழந்தையின் தலைக்கு மேல் போர்த்தினார்.

“மூஞ்சி தெரியணும்” என்றேன்.

“பனி டீச்சர்.”

“பனியா இருந்தாலும் மூஞ்சி தெரியணும்.”

நான் கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன்போல. காளியம்மா என்னைப் பார்த்துவிட்டுத் துணியைக் கீழே இறக்கினார். “இப்ப தெரியுதுங்களா?” தெரிந்தது. நந்தினியிடம் குனியச் சொன்னேன். குனிந்தாள். உதடு குல்லாவில் பட்டது.

வளையத்துணி நாற்காலி முதுகில் தொங்கிக்கொண்டிருந்தது. காளியம்மா அதை எடுத்துத் தோளில் மாட்டி, வியாழக்கிழமை நான் மாட்டிக் காட்டியதைப் பார்த்திருந்ததால் முதல் தடவையிலேயே முனையைச் சரியாக வளையத்துக்குள் விட்டு இழுத்தார். என் இரண்டு கிலோ அரிசிப்பையை எடுத்து உள்ளே வைத்தார். பலாக்கொட்டைப் பைக்கு மாற்றாக நான் கொடுக்க இருந்த வெல்லத்தையும் அதிலேயே போட்டுக்கொண்டார்.

“இன்னா பண்றீங்க?” என்றேன்.

“இன்னும் ஏழு நாளு இருக்குதே. சாமை தூக்குறன், புளி தூக்குறன், ராவுல மடிச்சித் தலைக்கு வெச்சிக்கிறன். முப்பதாம் நாளு பழசாக்கிக் குடுத்துடறன் டீச்சர். பத்து தபா தொவச்சா பழசாவாது.”

ஜீப் கிளம்பியது. உன் புடவை போய்விட்டது. திருப்பித் தரச் சொல்லிக் கேட்கவில்லை, கேட்கவும் போவதில்லை. மதியம் ஒன்றரை மணிக்கு நந்தினி போன் செய்தாள்.

“வந்து சேந்துட்டோம் பெரிம்மா. வழி பூரா தூங்கிக்கினே வந்தா. உடம்பு கதகதன்னுதான் இருக்குது. அண்ணிதான் இன்னும் அரிசிய எறக்கல. அத மாட்டிக்கினே மாட்டுக்குத் தண்ணி காட்றாங்க. ஊரே நின்னு பாக்குது.”

சரி என்றேன். பால் குடித்ததா என்று கேட்டேன். குடித்ததாம்.

பீரோவின் அடித்தட்டில் காகிதப்பை காலியாக இருக்கிறது. இடது தோளில், அரிசி இருந்த இடத்தில், இன்னும் லேசாக வலி இருக்கிறது. சாயங்காலம் நாளைக்கான புடவையைத் துவைத்தேன். கஞ்சி போடவில்லை.